மும்பை செம்பூரில் புது காருக்கு அண்டர்பாடி கோட்டிங் வேண்டுமா?

காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்க என்று டீலர் பில்லில் சேர்க்கும் அந்த கோட்டிங்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். புது வண்டியின் பாடியைத் தொழிற்சாலையிலேயே எலெக்ட்ரோகோட் (மின்சாரத்தால் ஒட்டவைக்கும்) பெயின்ட் தொட்டியில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். 'கடல் காத்தில் துருப்பிடிக்குமே' என்ற பயம் நியாயம்தான். ஆனால் துரு பெரும்பாலும் கதவின் உள்ளே, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டிக்குள் தேங்கும் ஈரத்தில்தான் ஆரம்பிக்கும். அவசரமாக அடிக்கும் ரப்பர் கோட்டிங், தண்ணீர் வடியும் ஓட்டைகளையே அடைத்துவிடும். காசு கொடுத்துத் துரு வாங்குவது!

ஜூன் மழைக்கு முன் கதவுக் கண்ணாடி ஓரமாக ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அங்குள்ள ஓட்டையில் பிளாஸ்டிக் கேபிள் டையை விட்டுக் குடையுங்கள், கம்பி வேண்டாம், பெயின்ட் கீறும்.

எட்டு வருட வண்டி, கடலோரப் பார்க்கிங் என்றால் கதை வேறு: துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு வகை ஸ்ப்ரே அடிக்கலாம். துருவின் மேலேயே அடித்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். சைலன்சர், பிரேக் பக்கம் படக்கூடாது.