கதை சொன்னதும் கல் சொன்னதும்

கேள்வி: நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 68. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை இதுவரை ஒன்பது முறை படித்திருக்கிறேன். காலை நடைக்குப் பிறகு நண்பர்களோடு உட்கார்ந்து நாவல்களைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் பேசுவது என் வழக்கம். சென்ற மாதம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு, அதில் வரும் நந்தினியின் பழியுணர்ச்சியே காரணம் என்றேன். கல்லூரியில் வரலாறு படிக்கும் பேத்தி, “தாத்தா, நந்தினி என்று ஒருத்தி வரலாற்றில் இல்லவே இல்லை” என்றாள். அதே வாரம், தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் குடும்பக் குழுவில் அனுப்பினேன். அதுவும் பொய் என்று நிரூபித்துவிட்டாள். மகனோ, “இனிமேல் கருத்துச் சொல்வதை விட்டுவிடுங்கள், அப்பா” என்கிறான். சிவகளையில் கிடைத்த பழங்கால இரும்பைப் பற்றி நண்பர்களிடம் பேசக்கூட இப்போது தயக்கமாக இருக்கிறது. இந்த வயதில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதையா?
- கடலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் இழப்பு. ஆனால், பேத்தி சொன்னதை ஒதுக்கி வைக்காதீர்கள். அவள் உங்களிடம் ஆதாரம் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆதாரம் கேட்பது எத்தகைய வேலை என்பதை, வருவாய்த் துறையில் ஒரு வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டா மாறுதல் கேட்டு வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை வராமல் நீங்கள் பரிந்துரைத்திருக்க மாட்டீர்கள். அந்தப் பழக்கத்தை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்ததுதான் இப்போதைய வருத்தத்துக்கு வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வு பெற்றபின் நாவலும் செய்தியும் இளைப்பாறும் இடங்களாகிவிட்டன. அங்கே எதற்குச் சரிபார்ப்பு என்று மனம் தளர்ந்துவிடுவது இயல்பு.

நீங்கள் எடுத்துக்கொண்ட கொலை வழக்கையே பார்ப்போம். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதற்குக் கிடைத்திருக்கும் மிக முக்கியமான சான்று, உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் ராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. அது எதற்காக வெட்டப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? கொலையை அறிவிப்பதற்காக அன்று. துரோகிகளிடமும் அவர்களுடைய உறவினர்களிடமும் பறிமுதல் செய்யப்பட்ட நிலம் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வழியாக விற்கப்பட்டது. அதை வாங்கியவர் அறத்துக்கு எழுதி வைத்தார். அந்த நில மாற்றம் கல்லில் பதிவானது. சோழ வரலாற்றின் மிகப் பெரிய கொலை நமக்குத் தெரிய வந்ததற்கு ஒரு நிலப் பரிவர்த்தனை ஆவணம் காரணம் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிறது. இதைப் படிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

அந்த ஆவணத்தில் கொலைக்கான காரணம் எழுதப்படவில்லை. யார் தூண்டினார்கள் என்பதும் இல்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், ராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழர் மீது ஐயம் கொண்டார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அறிஞர்கள் கருத்து வேறுபட்டு நிற்கும் அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியை உருவாக்கி நிறுத்தினார். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் கதையைத் தொடங்கியவர், அதே ஏரியின் பக்கத்து ஊரில் கிடைத்த கல்வெட்டிலிருந்து ரவிதாசனையும் சோமனையும் எடுத்துக்கொண்டு, கல் சொல்லாமல் விட்ட காரணத்தைக் கற்பனையால் நிரப்பினார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாவலிலேயே கூட, கடம்பூர் மாளிகையில் கரிகாலனை வீழ்த்திய கை யாருடையது என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல்தான் விட்டிருக்கிறார். ஒன்பது முறை படித்த நீங்கள் பத்தாவது முறை அந்த அத்தியாயங்களை ஒரு விசாரணைக் கோப்பைப் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். நீங்கள் உறுதியாகச் சொன்ன தீர்ப்பை நாவலாசிரியரே எழுதவில்லை என்பது தெரியும்.

இதனால் நாவலின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். என் பார்வையில் அது கூடுகிறது. செம்பியன் மாதேவியாரைக் குறிக்கும் கல்வெட்டுகள், உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ (பெற்றெடுத்த) பிராட்டியார் என்று சொல்கின்றன. உங்கள் மொழியில் சொன்னால், கல்லில் வெட்டிக் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் அது. நாவலில் குழந்தை மாறிப் போகிறது. செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகனாக அரண்மனையில் வளர்ந்தவன் வேறொருவனாகி, பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் அரியணை ஏறுகிறான். இது முழுக்கக் கற்பனை. ஆனாலும் அமுதனைச் செம்பியன் மாதேவியின் உண்மையான மகனாக ஆக்கியதால், அந்தச் சான்றிதழின் ஓர் எழுத்தைக்கூடக் கல்கி அழிக்கவில்லை. உத்தம சோழருக்குப் பிறகே அருள்மொழி (பின்னாளின் முதலாம் ராசராசன்) 985-இல் ஆட்சிக்கு வந்தார் என்பதையும், அதற்கு முன் மக்கள் வேண்டியும் சிற்றப்பனின் விருப்பத்தை மதித்து அவர் ஒதுங்கி நின்றார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்வதையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையில் கிடைத்த இடைவெளியில் மட்டும் கதையை ஓடவிட்டார். வந்தியத்தேவனும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராசராசனின் தமக்கை குந்தவையார், ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிக்கப்படுகிறார். அவ்வளவு சிறிய ஒரு குறிப்பிலிருந்து, குதிரையும் குறும்புமாக ஓர் இளைஞனைப் படைத்து ஐந்து பாகங்களுக்கு நடத்திச் சென்றது எத்தகைய திறமை! ஆவணம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் திறமையை முழுமையாக வியக்க முடிகிறது. பேத்தி உங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, ஐயா.

நாவலைப் பற்றிய கருத்து வேறு, நாவலை வைத்து வரலாற்றைப் பற்றிச் சொல்லும் கருத்து வேறு. முதலாவதில் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதில் பேத்தியிடமும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நந்தினி ஏன் மறக்க முடியாதவளாக இருக்கிறாள், பழுவேட்டரையரின் முதுமைக் காதலைக் கல்கி கேலி செய்கிறாரா இரங்குகிறாரா, வானதியைவிடப் பூங்குழலி ஏன் மனத்தில் நிற்கிறாள் என்பவற்றுக்கெல்லாம் ஒன்பது வாசிப்புகளே ஆதாரம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்த கதை அது. குடியரசாகி ஓர் ஆண்டுகூட ஆகாத நாட்டில் தொடங்கி, முதல் பொதுத் தேர்தல் நடந்து முடிந்த காலத்தையும் கடந்து வந்த கதை, கைக்கெட்டிய அரியணையை விட்டுக்கொடுக்கும் ஓர் இளவரசனைப் போற்றி முடிந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பதவியை மக்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று தன் வாசகர்களுக்குக் கல்கி சொல்ல விரும்பிய செய்தி அதில் இருக்கிறது என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். மறுத்து எழுதினால் மகிழ்வேன்.

பெரிய கோயிலின் நிழல் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிழல் விழுகிறது. நடுப்பகலில் விமானத்தின் மேற்பகுதி நிழல் அகன்ற அடித்தளத்தின் மீதே அடங்கிவிடுவதால் தரையில் தெரியாமல் போகலாம். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீளமாக விழுவதை யாரும் பார்க்கலாம். எனக்கு உள்ள வருத்தம் வேறு. அந்தக் கோயில் சுவர்களில் உள்ள உண்மைகள் இந்தப் பொய்யைவிடப் பல மடங்கு வியப்புக்குரியவை. தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்துக்குக் கலசம் கொடுத்ததாக ராசராசன் நாள் குறித்துப் பதிந்திருக்கிறான். கோயிலில் பணியாற்ற வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டு வரிசை, ஆளுக்கு 100 கலம் நெல் என்ற ஊதியம் வரை எழுதப்பட்டிருக்கிறது. எளிய பெண்களின் வீட்டு முகவரியைக் கல்லில் காத்து வைத்த அந்தப் பதிவேட்டைக் குடும்பக் குழுவில் அனுப்புங்கள். பேத்தி அதை ஒருபோதும் மறுக்க மாட்டாள்.

இனி சிவகளை. 2025 ஜனவரி 23 அன்று தமிழக முதலமைச்சர் வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகச் சொன்னது. இது பெருமைக்குரிய செய்தி. நீங்கள் பேசத்தான் வேண்டும். பேசும்போது, ஒரே ஆய்வகத்தை மட்டும் நம்பாமல் அமெரிக்காவின் பீட்டா ஆய்வகத்துக்கும் லக்னோ, அகமதாபாத் ஆய்வு நிறுவனங்களுக்கும் மாதிரிகள் அனுப்பப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலம் கணிக்கப்பட்டவற்றுள் இறந்தோரைப் புதைத்த ஈமத்தாழிகளில் கிடைத்த கரித்துண்டுகளும் உண்டு. ஆகவே அந்தக் கரியும் அருகில் கிடந்த இரும்பும் ஒரே காலத்தவையா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்புவது முறையானது என்பதையும், மேலும் பல இடங்களில் இத்தகைய சான்று கிடைக்கும்போது முடிவு வலுப்படும் என்பதையும் மறைக்காதீர்கள். இரும்பு அவ்வளவு பழையது என்பதால் சங்கப் பாடல்களும் அவ்வளவு பழையவை என்று யாராவது தாவினால், அந்தத் தாவலுக்கு அறிக்கையில் இடமில்லை என்று நீங்களே சொல்லுங்கள். கேள்வி கேட்பவர் எல்லோரும் தமிழுக்குப் பகைவர் என்றோ, கேள்வியே எழக் கூடாது என்றோ பேசுகிறவர்கள் உங்கள் நண்பர் குழுவிலும் இருப்பார்கள். மேல்முறையீட்டுக்கு அஞ்சும் உத்தரவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சு எழுத்து கண்ணுக்குச் சிறியதாக இருந்தால் பேத்தியைத் திரையில் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள். சுந்தர சோழன், உத்தம சோழன், முதலாம் ராசராசன் ஆகிய மூவரைப் பற்றிய பகுதிகளை மட்டும் முதலில் படித்தால் போதும். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு உடையார்குடிக்குப் போய் வாருங்கள். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். கல்லில் உள்ள எழுத்தை அவள் கூட்டிப் படிக்கட்டும். அதில் வரும் வேலி, மா என்ற நில அளவுகளுக்கும் மனைக்கும் என்ன பொருள், பறிமுதல் என்றால் என்ன, சபை விற்றால் அது எப்படிச் செல்லும் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அந்த இடத்தில் அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.