எண்ணூறு பேரும் ஜாங் லியாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று அரசுகள் காலத்துச் சீனாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்' என்ற கணினி விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். ஜாங் லியாவ்தான் எனக்குப் பிடித்த தளபதி. கி.பி. 215-ல் ஹெஃபெய் கோட்டையிலிருந்து 800 பேரோடு கிளம்பி ஒரு லட்சம் பேரை எதிர்த்தவர் என்கிறார்கள். கணினியில் அதே போல் சின்னப் படையை வைத்துக்கொண்டு பெரும்படையோடு மோதிப் பார்த்தேன். பத்து முறைக்கு மேல் தோற்றுவிட்டேன். வரலாற்றை ஊதிப் பெருக்கியிருக்கிறார்களா, இல்லை நான் ஆடும் விதம் தவறா? இன்னொன்று, விளையாட்டில் ரொமான்ஸ், ரெக்கார்ட்ஸ் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. எதில் ஆடுவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பத்து முறையும் நீங்கள் ஜெயிக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஜாங் லியாவ் அன்று அந்தப் படையை ஜெயிக்கப் போகவில்லை. அரைநாள் அடித்துவிட்டு, திரும்பி வந்து கோட்டைக் கதவைச் சாத்தப் போனார்.

ஹெஃபெயில் அப்போது இருந்தவர்கள் 7,000 பேர் போல. அவர்களின் தலைவர், வட சீனாவை ஆண்ட சாவ் சாவ், வெகு தூரத்தில் ஜாங் லூ என்ற இன்னொரு படைத்தலைவர் மீது படையெடுத்துப் போயிருந்தார். போகும்போது முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்திருந்தார். எதிரி வந்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். தெற்கை ஆண்ட சுன் சுவான் பெரும்படையோடு வந்தார், பிரித்தார்கள். ஜாங் லியாவும் லீ தியனும் வெளியே போய்ப் போரிட வேண்டும், யுவே ஜின் கோட்டையைக் காக்க வேண்டும். இப்படித்தான் எழுதியிருந்தது. இவ்வளவு பெரிய படைக்கு முன்னால் கதவைத் திறப்பதா என்று எல்லோரும் தயங்கினார்கள். ஜாங் லியாவ் அதற்குப் பொருள் சொன்னார்: உதவி வருவதற்குள் நம்மை முடித்துவிடுவார்கள், அவர்கள் ஒன்றுகூடி நம்மை வளைப்பதற்கு முன்பே அடித்து மிடுக்கைக் குலைத்தால்தான் பிறகு கோட்டையைக் காக்க முடியும்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. இந்த மூன்று தளபதிகளுக்கும் ஒருவரையொருவர் ஆகாது. அக்காலத்தின் வரலாற்றை எழுதிய சென் ஷோ தன் நூலில் அதை வெளிப்படையாகவே எழுதுகிறார். லீ தியனின் குடும்பப் பெரியவர் ஒருவரை, சாவ் சாவின் பழைய எதிரியான லூ பூவின் ஆட்கள் கொன்றிருந்தார்கள். ஜாங் லியாவ் பழைய லூ பூ ஆள். 198-ல் லூ பூ வீழ்ந்த பிறகுதான் சாவ் சாவிடம் வந்தவர். ஆகவே லீ தியன் கூட வருவாரா என்ற பயம் ஜாங் லியாவுக்கு. லீ தியன் சொன்ன பதில்தான் எனக்கு இந்தப் போரிலேயே மிகப் பிடித்த இடம். இது நாட்டுக் காரியம், உங்கள் யோசனை சரியா என்பதுதான் கேள்வி, என் சொந்தப் பகைக்காகப் பொதுக் காரியத்தை மறப்பேனா என்றார்.

நீங்கள் ஆடும் விளையாட்டு 2019-ல் வந்தது. பிடிக்காதவர்களை ஒரே படையில் போட்டால் அதில் தளபதிகளின் திருப்தி குறையும். அதை யோசித்து வைத்தவர்களை மனமாரப் பாராட்டுவேன். கோயி நிறுவனம் 1985-ல் தொடங்கிய பழைய மூன்று அரசுகள் விளையாட்டுத் தொடரில் எல்லாமே எண்கள்தான்: வீரம் இவ்வளவு, தலைமை இவ்வளவு, அறிவு இவ்வளவு. ஆனால் திருப்தி குறைந்திருந்தும் ஒருவர் கூட வந்து நிற்பதற்கு எந்த விளையாட்டிலும் எண் இல்லை.

அன்று இரவு, தன்னோடு வரத் துணிந்தவர்கள் மட்டும் வரலாம் என்று ஜாங் லியாவ் அழைத்தார். 800 பேர் வந்தார்கள். மாடுகளை அடித்து விருந்து வைத்தார். விடிந்ததும் கவசம் பூண்டு, தன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே முதல் ஆளாகப் பாய்ந்து, சுன் சுவானின் கொடி வரை போய்விட்டார். சுன் சுவான் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டார். அப்புறம் எதிரிகள் சுதாரித்துப் பல அடுக்காக வளைத்தார்கள். ஜாங் லியாவ் சில பத்துப் பேரோடு வளையத்தை உடைத்து வெளியே வந்துவிட்டார்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தினார்கள்: "தளபதி எங்களைக் கைவிட்டுவிட்டுப் போகிறாரா?"

அவர் திரும்பி உள்ளே போனார். வளையத்தை மறுபடி உடைத்து அவர்களையும் மீட்டு வந்தார். காலையில் தொடங்கியது நண்பகலில் முடிந்தது. சுன் சுவான் பக்கம் ஊக்கம் செத்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மனம் திடப்பட்டது.

எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஒரு லட்சம், சென் ஷோவின் நூலில் ஜாங் லியாவின் வாழ்க்கை வரலாற்றில் வருவது. அக்காலப் படைக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம். அதே நூலில், எதிர்த்தரப்பில் போரிட்ட கான் நிங்கின் பகுதியைப் படித்தால், அந்தப் படையில் கொள்ளைநோய் பரவியிருந்தது தெரிகிறது. பத்து நாளுக்கு மேல் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. பின்வாங்கும்போது பெரும்படை முன்னே போய்விட, சியாவ்யாவ் ஆற்றுத்துறையில் சுன் சுவானோடு மிஞ்சியவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஜாங் லியாவ் அப்போதுதான் துரத்தி வந்து அடித்தார். பலகை பிடுங்கப்பட்டிருந்த பாலத்தைக் குதிரையோடு தாண்டித்தான் சுன் சுவான் தப்பினார். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் காலைப்பொழுதின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. 216-ல் சாவ் சாவ் ஹெஃபெய்க்கு வந்தபோது, ஜாங் லியாவ் போரிட்ட இடத்தைச் சுற்றி நடந்து பார்த்து வெகுநேரம் பெருமூச்சு விட்டாராம்.

சரி, எந்த முறை? தயங்காமல் ரெக்கார்ட்ஸ் என்பேன். ரொமான்ஸில் தளபதி தனி ஆளாகக் குதிரையில் வந்து கூட்டம் கூட்டமாக வீழ்த்துவார். பார்க்க அழகுதான், ஆனால் அங்கே அவரைக் கூப்பிட யாரும் இல்லை. ரெக்கார்ட்ஸில் அவர் மெய்க்காவல் படைக்கு நடுவே வருவார். அவர்கள் விழுந்தால் அவருக்கும் ஆபத்து.

அடுத்த முறை ஆடும்போது எதிரியை முழுதாக அழிக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் அணிவகுத்து முடிப்பதற்குள் ஓர் ஓரத்தில் பாய்ந்து, இரண்டு மூன்று பிரிவுகளைச் சிதறடித்துவிட்டு வெளியே வாருங்கள். உங்கள் பிரிவு ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டால் திரும்பிப் போய்க் கூட்டி வாருங்கள். பின்வாங்கினால் விளையாட்டு அதைத் தோல்வி என்றே கணக்கில் வைக்கும், வைக்கட்டும். எத்தனை பேரைத் திரும்பக் கூட்டி வந்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்