மூன்று முறை ‘நீ’

கேள்வி: பட்டப்படிப்பில் ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்த் நைட்’ நாடகம் எங்களுக்குப் பாடம். இடப்பக்கத்தில் மூலமும் வலப்பக்கத்தில் இன்றைய ஆங்கிலமும் அச்சிட்ட பதிப்பை வைத்துப் படித்து முடித்தேன். கதை நன்றாகப் புரிந்தது. ஆனால் நகைச்சுவை நாடகம் என்கிறார்களே, ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைப் பார்த்த பேராசிரியர், “இதற்கும் கோனார் நோட்ஸா?” என்று கேலி செய்கிறார். நான் செய்தது தவறா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: உரை வைத்துப் படிப்பதைக் கேலி செய்யும் உரிமை தமிழர் யாருக்கும் கிடையாது. பரிமேலழகரோ மு.வ.வோ துணைக்கு வராமல் குறளுக்குள் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? உங்கள் பேராசிரியரும் அடிக்குறிப்பே இல்லாத பதிப்பில் இந்த நாடகத்தைப் படித்திருக்க மாட்டார். ஆகவே புத்தகத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் கதை புரிந்தது, சிரிப்பு வரவில்லை என்று நீங்களே எழுதியிருப்பது ஒரு வாக்குமூலம். இடப்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வலப்பக்கத்தை மட்டுமே படித்திருக்கிறீர்கள். பரிமேலழகர் குறளை முன்னால் வைத்துவிட்டு அதற்குப் பொருள் சொல்கிறார். இந்த வலப்பக்க ஆங்கிலமோ மூலத்துக்குச் சரிசமமாக, வரிக்கு வரி பக்கத்திலேயே நிற்பதால், அதுதான் நாடகம் என்ற மயக்கத்தை உண்டாக்கிவிடுகிறது.

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பணமும் அசட்டுத்தனமும் ஒருங்கே வாய்த்த சர் ஆண்ட்ரூவை, ஆண் வேடத்தில் இருக்கும் நாயகி வயோலாவுக்குச் சண்டைக்கு அழைப்பு விடுத்துக் கடிதம் எழுதும்படி சர் டோபி தூண்டிவிடுகிறார். அவர் தரும் யோசனைகளில் ஒன்று, அந்த ஆளை மூன்று தடவை ‘தௌ’ (அன்றைய ஆங்கிலத்தின் ‘நீ’) போட்டு எழுதினால் தப்பில்லை என்பது. இன்றைய ஆங்கிலத்தில் இருப்பது ‘யூ’ ஒன்றுதான். ஆகவே வலப்பக்கம் இந்த இடத்தில், மரியாதைக் குறைவாக எழுது என்பதுபோல் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு அந்தச் சுற்று எதற்கு? முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்று ஒருமையில் அழைத்தால் என்ன நடக்கும் என்பது திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிற்கும் எவருக்கும் தெரியும். 1603இல் சர் வால்டர் ராலே மீது நடந்த ராஜத்துரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், “உன்னை ‘நீ’ என்றே சொல்கிறேன், துரோகியே” என்று நீதிமன்றத்திலேயே முழங்கினார். அந்த ஒருமை அன்றைக்கு அவ்வளவு சுட்டது. அதே டோபி ஆண்ட்ரூவையும் ஒருமையில்தான் அழைக்கிறார். அது கூட்டாளியின் உரிமை. நம்முடைய ‘நீ’யும் இரண்டு வேலையையும் செய்கிறது. இந்த இடத்தில் இன்றைய ஆங்கிலேயரைவிட நீங்கள் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறீர்கள், அந்த வசதியை வலப்பக்கத்திடம் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

டோபி அதோடு விடவில்லை. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வேர் என்ற ஊர்க் கட்டிலை மூடும் அளவுக்குத் தாள் பெரிதாக இருந்தாலும், அதில் எத்தனை பொய் கொள்ளுமோ அத்தனையையும் எழுது என்கிறார். (மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான அந்தக் கட்டிலை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.) ‘லை’ என்றால் பொய், படுத்தலும்கூட, ‘ஷீட்’ என்றால் தாள், படுக்கை விரிப்பும்கூட. அடுத்து, மையில் ‘கால்’ போதுமான அளவு இருக்கட்டும் என்கிறார். அந்தச் சொல் பித்தக் கசப்பையும் குறிக்கும், அக்காலத்தில் மை காய்ச்சப் பயன்பட்ட மாசிக்காயையும் குறிக்கும். எழுதுவது வாத்து இறகால். வாத்து என்பது அங்கே முட்டாளுக்கும் பெயர், எழுதப்போகிறவர் ஆண்ட்ரூ. இத்தனையையும் ஒற்றைப் பொருளில் நேராக்கிக் கொடுத்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்? “ஆடிக் குடத்தடையும்” என்ற காளமேகத்தின் வெண்பாவுக்குப் பாம்பை மட்டும் சொல்லி எள்ளை விட்டுவிட்டுப் பொருள் எழுதியதைப் போன்ற காரியம் அது.

வலப்பக்கம் உண்மையிலேயே கை கொடுக்கும் இடங்களும் உண்டு. நான்காம் காட்சியில் வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோ மஞ்சள் காலுறையும் குறுக்குக் கட்டுமாகப் பல்லிளித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, அவனுடைய எஜமானி ஒலிவியா ‘சேட்’ ஆன காரியத்துக்காக உன்னைக் கூப்பிட்டேன் என்கிறாள். நாம் பள்ளியில் படித்த பொருளை வைத்து ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துவிடுவோம். அவள் சொல்வது, விளையாட்டுக்கு இடமில்லாத காரியம் என்பதை. வேண்டுமானால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறேன், இந்தக் கட்டு ரத்த ஓட்டத்தையே தடுக்கிறது என்று அவன் பதில் சொல்வதன் கோணல் அப்போதுதான் தெரியும். பழைய சொல் இன்றைய சொல்லின் முகத்தோடு வந்து ஏமாற்றும் இத்தகைய இடங்களில் தாராளமாக வலப்பக்கம் திரும்புங்கள்.

ஆனால் இதே அங்கத்தின் தொடக்கத்தில், நீ மேளத்தால் பிழைக்கிறாயா என்று வயோலா கோமாளியிடம் கேட்க, இல்லை ஐயா, தேவாலயத்தால் என்று அவன் சொல்கிறானே, அங்கே ஒரு சொல்லும் பழசாகவில்லை. ‘லிவ் பை’ என்பதற்கு அதைக்கொண்டு பிழைப்பது, அதன் அருகே குடியிருப்பது என்ற இரு பொருளும் இன்றைய ஆங்கிலத்திலும் உயிரோடுதான் இருக்கின்றன. அவன் வீடு தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கும் வலப்பக்கம் பார்ப்பது சோம்பல்.

இந்த நாடகம் லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் 1602 பிப்ரவரி 2ஆம் நாள் நடந்ததைச் சட்ட மாணவர் ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அது அச்சேறியது 1623இல்தான். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது காது வழி வந்த சொல் மட்டுமே. நீங்களும் வலப்பக்கத்தை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒரு காட்சியை முழுதும் வாய்விட்டுப் படியுங்கள். தடுக்கிய சொற்களில் பென்சில் கோடு போட்டுவிட்டு, அவற்றுக்கு மட்டும் பிறகு அட்டையை எடுங்கள். நான்காம் காட்சியில் வரும் ஆண்ட்ரூவின் கடிதத்திலிருந்து தொடங்கலாம். அதில் எத்தனை ஒருமை விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டோபி கேட்டது மூன்றுதான்.