வெப் அப்ளிகேஷன் புராஜெக்டில் ரிசோர்ஸ் ஃபைல்களை எங்கே வைப்பது?

கேட்டவரின் நிலவரம் இது: மேவன் என்ற பில்ட் கருவியில் கட்டிய ஜாவா புராஜெக்ட், வார் ஃபைலாக (முழு வெப் அப்ளிகேஷனையும் அடைத்த ஒரே ஃபைல்) டாம்கேட் என்ற சர்வரில் ஏறுகிறது. லோகோ, ரசீதுக்கான பிடிஎஃப் டெம்ப்ளேட், ஒரு தமிழ் ஃபான்ட், தமிழ்–ஆங்கில வாசகங்கள் உள்ள பிராப்பர்டீஸ் ஃபைல்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே ரிசோர்சஸ் ஃபோல்டரில் கிடக்கின்றன. கோட் எழுதும் எக்லிப்ஸில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் ஃபைலைக் காணோம் என்கிறது.

ஃபைல் என்ன வகை என்று பார்த்து இடம் ஒதுக்க வேண்டாம். அதை யார் திறக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். பிரவுசரா, உங்கள் கோடா, சர்வரைப் பார்த்துக்கொள்பவரா? இதற்குப் பதில் தெரிந்தால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

பிரவுசர் கேட்டு வாங்குபவை (லோகோ, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட்) எஸ்ஆர்சி/மெயின்/வெப்ஆப் ஃபோல்டருக்குள் போகட்டும். அங்கே வைத்த எதையும் முகவரி தெரிந்த யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்பதை மறக்காதீர்கள். வெப்-இன்ஃப், மெட்டா-இன்ஃப் ஃபோல்டர்கள் மட்டும் விலக்கு. அவற்றை பிரவுசருக்கு நேராகக் கொடுக்கக்கூடாது என்று சர்வ்லெட் (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) விதியே சொல்கிறது. அதனால்தான் ஜேஎஸ்பி பக்கங்களை (ஜாவா கலந்த எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகள்) வெப்-இன்ஃபுக்குள் வைக்கிறார்கள். சர்வ்லெட் உள்ளிருந்து அவற்றுக்கு ஃபார்வர்ட் செய்யலாம், வெளியாள் நேராகத் திறக்க முடியாது.

உங்கள் கோட் மட்டும் படிப்பவைக்கு எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்தான் இடம். பிடிஎஃப் டெம்ப்ளேட், ஃபான்ட், வாசக ஃபைல்கள் இங்கே. மேவன் இவற்றை வெப்-இன்ஃப்/கிளாசஸ் உள்ளே சேர்க்கும், அதாவது கிளாஸ்பாத்தில் (ஜாவா தன் கிளாஸ்களையும் ரிசோர்ஸ்களையும் தேடும் இடம்) வந்துவிடும். ஜாவா கோட் இருக்கும் ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் ஃபைலைச் சேர்த்து வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மேவன் அங்கிருந்து கம்பைல் ஆனதை மட்டும்தான் எடுக்கும், மற்றவற்றை விட்டுவிடும். மைபேட்டிஸ் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் எக்ஸ்எம்எல் மேப்பர் ஃபைல்கள் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இடம் சரியாக இருந்தும் திறக்கும் விதத்தில் தவறுவது இன்னும் அதிகம். நியூ ஃபைல் என்று வெறும் பெயரைக் கொடுத்தால், ஜாவா அதை எந்த டைரக்டரியிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கேதான் தேடும். எக்லிப்ஸில் அது ஓர் இடம், சர்வரில் வேறு இடம். உங்கள் பிரச்சினையின் வேர் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. கெட்-ரியல்-பாத் மெத்தடில் சர்வரின் டிஸ்க் பாதையை வாங்கி, அதில் ஃபைல் பெயரை ஒட்டுவதும் வேண்டாம். வார் ஃபைலைப் பிரிக்காமலே ஓட்டும் சர்வரில் அது நல் (null, ஒன்றுமில்லை) என்று கொடுக்கும்.

பாதையைக் கேட்காமல் ஸ்ட்ரீமை (ஃபைலின் உள்ளடக்கத்தை நேராகப் படிக்கத் தருவது) கேளுங்கள். கிளாஸில் கெட்-ரிசோர்ஸ்-ஆஸ்-ஸ்ட்ரீம் அழைக்கும்போது பெயருக்கு முன் ஸ்லாஷ் போட்டால் கிளாஸ்பாத்தின் உச்சியிலிருந்து தேடும். போடாவிட்டால் அந்த கிளாஸ் இருக்கும் பேக்கேஜுக்குள் தேடும். கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடரிடம் இதையே கேட்டால் முன் ஸ்லாஷ் கூடாது. எரர் செய்தியில் ஜார் (கிளாஸ்களை அடைத்த ஜாவா ஃபைல்) பெயருக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி தெரிந்தால், ஜாருக்குள் இருப்பதைச் சாதாரண ஃபைலாகத் திறக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். ஏதாவது லைப்ரரி நிஜமான ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஸ்ட்ரீமை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி அதைக் கொடுங்கள்.

உங்களிடம் தமிழ் வாசகங்களும் ஃபான்ட்டும் இருப்பதால் இரண்டு விஷயங்களை விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது என்கோடிங். ஜாவா 8 வரை ரிசோர்ஸ் பண்டில் (மொழிவாரி வாசகங்களைப் படித்துத் தரும் ஜாவா கிளாஸ்), பிராப்பர்டீஸ் ஃபைலை ஐஎஸ்ஓ 8859-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து) என்றே எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்பதில் புள்ளியும் இகரக் குறியும் சேர்ந்து 5 குறிகள், ஆக 15 பைட். திரையில் 15 குப்பை எழுத்துகளாக அது வந்து நிற்கும். அந்தக் காலத்தில் நேட்டிவ்-டு-ஆஸ்கி கருவியால் எல்லாவற்றையும் எண் குறியீடாக மாற்றி வைத்தோம். ஃபைலைத் திறந்தால் நம் மொழியை நாமே படிக்க முடியாது. 2017இல் வந்த ஜாவா 9 முதல் ரிசோர்ஸ் பண்டில் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. ஆனால் பிராப்பர்டீஸ் கிளாஸின் லோட் மெத்தடுக்கு இன்புட் ஸ்ட்ரீமைக் கொடுத்தால் இன்றும் பழைய கணக்குதான். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட ஒரு ரீடரைக் கொடுங்கள்.

இரண்டாவது ஃபில்டரிங். வெர்ஷன் எண்ணை பிராப்பர்டீஸில் நிரப்புவதற்காக பாம் ஃபைலில் (மேவனின் அமைப்பு ஃபைல்) ரிசோர்ஸ் ஃபில்டரிங்கை (ஃபைலுக்குள் உள்ள இடக்குறிகளை மதிப்புகளால் நிரப்புவது) மொத்த ஃபோல்டருக்கும் போட்டுவிடுகிறார்கள். மேவன் அப்போது ஃபான்ட்டையும் பிடிஎஃப்பையும் எழுத்து ஃபைலாக நினைத்துப் படித்து எழுதும், அவை கெட்டுப்போகும். ஜேபெக், பிஎன்ஜி போன்ற சில படவகைகளை அது தானாக விட்டுவிடுவதால், படம் நன்றாக இருக்க ஃபான்ட் மட்டும் ஏன் திறக்கவில்லை என்று மண்டை காயும். ரிசோர்ஸ் பகுதியை இரண்டாகப் பிரித்து, பிராப்பர்டீஸுக்கு மட்டும் ஃபில்டரிங் வையுங்கள்.

பாஸ்வேர்ட் புராஜெக்டுக்குள் எங்கேயும் இருக்கக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. ஒருமுறை கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் ஹிஸ்டரியில் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றுதான் வழி. என்விரான்மென்ட் வேரியபிளாகவோ, டாம்கேட்டின் கான்ஃப் ஃபோல்டரில் உள்ள கான்டெக்ஸ்ட் ஃபைலிலோ கொடுங்கள். டெஸ்ட் சர்வருக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று வார் ஃபைலைத் தனித்தனியாகக் கட்டும் வேலையும் மிச்சமாகும்.

பயனர் ஏற்றும் படங்களும் வெளியே போக வேண்டியவைதான். வெப்ஆப்புக்குள் ஒரு அப்லோட்ஸ் ஃபோல்டர் வைத்தால், புது வார் ஏறும்போது டாம்கேட் பழைய பிரித்த ஃபோல்டரை அழித்துவிட்டுத்தான் புதிதாகப் பிரிக்கும். அத்தனை பேரின் படமும் அத்தோடு போய்விடும். சர்வரில் தனி டைரக்டரி வைத்து, அதன் பாதையை மட்டும் கான்ஃபிகிலிருந்து படியுங்கள்.

நாளை ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்குக்கு மாறி ஜாராகக் கட்டினால் வெப்ஆப் ஃபோல்டரை மறந்துவிடுங்கள், அது ஜாருக்குள் வராது. பிரவுசருக்கானவை ரிசோர்சஸ்/ஸ்டாட்டிக் உள்ளே, டெம்ப்ளேட்டுகள் ரிசோர்சஸ்/டெம்ப்ளேட்ஸ் உள்ளே. மாற்ற வேண்டிய கான்ஃபிகை, ஜாரைத் தொடங்கும் டைரக்டரியில் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் வைத்தால், உள்ளே இருப்பதை அது மேலெழுதும்.

இப்போதைக்கு உங்கள் பழுதைப் பிடிக்க, எக்லிப்ஸை மூடிவிட்டு டெர்மினலில் மேவன் பேக்கேஜ் ஓட்டுங்கள். டார்கெட் ஃபோல்டரில் வரும் வார் ஃபைலை ஜார் டிஎஃப் கமாண்டால் பட்டியலிடுங்கள். பிடிஎஃப் டெம்ப்ளேட் வெப்-இன்ஃப்/கிளாசஸ் உள்ளே தெரிந்தால் தப்பு கோடில். தெரியாவிட்டால் தப்பு ஃபோல்டரில். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள்.