“டைவர்ஸ் ஆனால் பைசா கிடையாது” என்பது உண்மையா?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். 9 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். குடித்துவிட்டு அடிப்பதைத் தாங்க முடியாமல் இரண்டரை வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் 11,000 ரூபாய் சம்பளம். நாங்கள் கடைசியாக லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருந்ததால் அவர் புதுச்சேரி குடும்ப நீதிமன்றத்தில், நான்தான் அவரை விட்டுப் போனேன் என்று டைவர்ஸ் வழக்குப் போட்டிருக்கிறார். “டைவர்ஸ் ஆனால் பைசா கிடையாது. நீ சம்பாதிக்கிறாய். அதுவும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சட்டம்” என்று அவர் வீட்டார் சொல்கிறார்கள். 5 லட்சம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிடு என்று ஊர்ப் பெரியவர்கள் நெருக்குகிறார்கள். வருமான வரிக் கணக்கில் அவர் சொற்பமாகத்தான் காட்டுகிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான்.

இப்படி எழுதும் பத்திரங்களில் “நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் மனைவி, குழந்தைகளுக்கான ஜீவனாம்சம் பற்றிய சட்டப்பிரிவு, பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு மாதத் தொகை கிடையாது என்கிறது. அடி தாங்காமல் வெளியே வந்த உங்களை, சம்மதத்தோடு பிரிந்தவராக அந்த ஒரு வரி மாற்றிவிடும். அதை உடைக்கலாம்தான். ஆனால் அதற்கே வருடக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். அந்தப் பத்திரத்தால் உங்களுக்கு விவாகரத்தும் ஆகிவிடாது. பெரியவர்கள் நல்ல மனதோடு பேசலாம். பேச வேண்டியதை நீதிமன்றத்தின் சமரச மையத்தில் வந்து பேசச் சொல்லுங்கள்.

பிரெஞ்சு சட்டம் என்ற பயமுறுத்தலுக்கு அடிப்படை இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. அவர்களுக்கு மட்டும் இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. உங்கள் கணவர் இந்து திருமணச் சட்டத்தின் கீழ்தான் டைவர்ஸ் கேட்டிருப்பார். உங்களுக்கு வந்த மனுவின் முதல் பக்கத்திலேயே பிரிவு எண்ணோடு அது இருக்கும். டைவர்ஸ் கேட்க ஒரு சட்டம், ஜீவனாம்சத்தை மறுக்க இன்னொரு சட்டம் என்று அவர் எடுத்துக்கொள்ள முடியாது. புதுச்சேரியும் கடலூரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன.

இனி உங்கள் உரிமைக்கு வருகிறேன். வழக்கு நடக்கும்போதே பணம் கேட்க 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 24ஆம் பிரிவு இருக்கிறது. மாதச் செலவோடு வக்கீல் செலவு, வாய்தாவுக்குப் புதுச்சேரி போய்வரும் செலவு எல்லாவற்றையும் அதில் கேட்கலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை அந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனால் உங்கள் வக்கீல் அந்த வரியை ஒவ்வொரு வாய்தாவிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

டைவர்ஸ் தீர்ப்போடு இந்த இடைக்காலத் தொகை நின்றுவிடும். அதற்கு மேல் கிடைப்பது 25ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சம். அதைத் தீர்ப்பின்போதும் கேட்கலாம், தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம். “டைவர்ஸ் ஆனால் பைசா கிடையாது” என்பது சட்டத்துக்கு நேர் எதிரான பேச்சு. டைவர்ஸ் ஆனவர்களுக்காகவே எழுதப்பட்ட பிரிவு அது. பிற்பாடு நீங்கள் மறுமணம் செய்துகொண்டால், அல்லது இருவரில் ஒருவருடைய நிலைமை மாறினால், நீதிமன்றம் அந்தத் தொகையை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

அவருடைய வழக்கு தள்ளுபடி ஆனால் 25ஆம் பிரிவு கைகொடுக்காது. ஆகவே கடலூர் குடும்ப நீதிமன்றத்தில் உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் தனியாக ஒரு ஜீவனாம்ச மனு போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே அதைப் போடலாம். இரண்டு இடத்திலும் தொகை உத்தரவானால் ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொள்வார்கள். அதனால் ஒரு வழக்கைப் பற்றி மற்ற நீதிமன்றத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று சொன்னது. அதாவது பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து என்று நீங்கள் மனு போடாமல் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கும் மகளுக்கும் நஷ்டம். இந்த இரண்டரை வருடத்தில் போனது ஏற்கெனவே பெரிது. முதலில் மனு, பிறகு பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு போட்டபின் பேசினால் அந்த 5 லட்சம் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அதே தீர்ப்பு, இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் முழுவதையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. “வியாபாரம் நஷ்டம்” என்பதை உங்கள் கணவர் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. அவர் காட்டும் வரிக் கணக்கே கடைசி வார்த்தையும் இல்லை. வங்கிக் கடன் வாங்கியிருக்கிறாரா? கடன் விண்ணப்பத்தில் யாரும் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதில்லை. அந்த விண்ணப்பத்தை வங்கியிலிருந்து வரவழைக்க நீதிமன்றத்தில் கேட்கலாம். ஜிஎஸ்டி கணக்கு, கடையின் நடப்புக் கணக்கு, வண்டி ஆர்.சி., எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் பேசும். பண்ருட்டிப் பக்கம் அவர் பெயரில் நிலமோ கொட்டகையோ இருந்தால் வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள். அது வேறு வகையிலும் உதவும்: நிரந்தர ஜீவனாம்சத்துக்கு அவருடைய அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்த, அதாவது அந்தத் தொகைக்கு அந்தச் சொத்தையே ஈடாக வைக்க, 25ஆம் பிரிவு இடம் தருகிறது.

உங்கள் பிரமாணப் பத்திரத்தில் 11,000 ரூபாய் சம்பளத்தை மறைக்காதீர்கள். சிலர் மறைக்கச் சொல்லித் தருவார்கள். அது ஒரு நாள் வெளியே வரும், வந்தால் நீங்கள் சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. அந்த வருமானம், கணவர் வீட்டில் வாழ்ந்த தரத்தில் வாழப் போதுமா என்பதுதான் கேள்வி. வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீது சேருங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். கணவரின் நிகர வருமானத்தில் 25 சதவீதம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு உத்தேச அளவு, சட்டமல்ல. உங்கள் சம்பளம், அவருடைய மற்ற பொறுப்புகள், திருமண வாழ்க்கையின் காலம் எல்லாம் சேர்ந்துதான் தொகை முடிவாகும். இப்போதே ஒரு எண்ணைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாரில்லை.

நீங்கள் விட்டுப் போனதாக அவர் சொல்வதை நிச்சயம் எதிர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் ரசீது, அந்த நாட்களில் அண்ணனுக்கோ தோழிக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் எடுத்து வையுங்கள். தகுந்த காரணத்தோடு பிரிந்திருக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் தடையில்லை. ஒருவேளை அவர் அந்தக் காரணத்திலேயே டைவர்ஸ் வாங்கிவிட்டாலும், மறுமணம் செய்யாத, தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத முன்னாள் மனைவி மாத ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும்.

மொத்தத் தொகை வேண்டுமா, மாதாமாதமா? அரசுச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடிக்கலாம், மாதத் தொகை பரவாயில்லை என்பேன். வியாபாரிகள் விஷயத்தில், நியாயமான அளவாக இருந்தால் மொத்தத் தொகையே மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது நீதிமன்றத்தில், பரஸ்பர சம்மத டைவர்ஸின் ஷரத்தாகப் பதிவாக வேண்டும். நீதிபதி முன்னால் டிடியாகக் கைக்கு வர வேண்டும். பின்தேதியிட்ட செக்கை ஏற்காதீர்கள். மகளுக்கான தொகையைத் தனியாக எழுத வேண்டும். அவள் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. நீங்கள் கொண்டுபோன நகையும் சீர்வரிசையும் உங்கள் சொத்து. அதைத் திருப்பிக் கொடுப்பதை ஜீவனாம்சமாகக் கணக்குக் காட்ட விடாதீர்கள்.

மாதத் தொகை உத்தரவாகி அவர் கட்டாமல் போனால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்க முடியும். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீராது. ஆனால் 144ஆம் பிரிவின் கீழ் வசூலுக்கான மனுவை, தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். பாக்கி சேரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள். புதுச்சேரி வழக்குக்கு அங்குள்ள சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம். வந்த நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, உங்கள் சம்பளச் சீட்டு, ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு, அடுத்த வாய்தா தேதிக்கு முன்பே போய்விடுங்கள்.