பழைய அமெரிக்க கார்களுக்குப் பழைய பாகங்கள்: கேள்வி பதில்

57 (1957 மாடல்) ஷெவர்லே பெல் ஏர்: விற்பவர் ஒரு 283 (283 கன அங்குல வி8) இன்ஜினைக் காட்டி, ‘57 வண்டியில் இருந்தது’ என்கிறார். நம்பலாமா?

எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளாக்கின் பின்பக்கம், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் பக்கத்து உறை) சேரும் இடத்தருகே வார்ப்புத் தேதி இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ‘சி 14 7’ என்றிருந்தால் மார்ச் 14; சி மூன்றாவது எழுத்து, மூன்றாவது மாதம். கடைசி 7 வருஷம். ஆனால் 283-ஐ ஷெவர்லே 1957 முதல் 1967 வரை போட்டது. அது 57-ஆ 67-ஆ என்பதை பிளாக்கில் வார்த்திருக்கும் பாக எண்தான் (வார்ப்பு எண்) காட்டிக்கொடுக்கும். பிறகு வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையான சிறு மேடையில் அடித்த எண்ணைப் பாருங்கள். அதன்மேல் தொழிற்சாலையில் சீவிய மெல்லிய கோடுகள் தெரியவேண்டும். வழவழவென்றிருந்தால், பிளாக்கின் மேல்தளமான டெக்கைச் சீவியிருக்கலாம். எண்ணை அழித்து மறுபடி அடித்தும் இருக்கலாம். ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

66 போர்டு மஸ்டாங்: போர்டு பால்கன் பாகங்கள் பொருந்துமா?

நிறையவே பொருந்தும், அடித்தளம் பால்கனுடையது. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகத்தில் சரிபாருங்கள். ஆறு சிலிண்டருக்கு வீலில் 4 ஸ்டட் (நட் மாட்டும் போல்ட்), வி8-க்கு 5.

ஜங்க்யார்டில் (பழைய வண்டிக் கிடங்கில்) 65 டாட்ஜ். இடப்பக்க வீல் நட் கழலவே இல்லை.

இடப்பக்கம் எதிர்மரை. வலப்பக்கமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் முறித்துவிடுவீர்கள்.

பழைய பிரேக் ஹோஸ்?

வேண்டாம். ரப்பர் உள்ளே வீங்கியிருப்பது வெளியே தெரியாது. புதிது வாங்குங்கள்.

68 கமாரோ: புது ரீப்ரோ (ஒரிஜினலைப் பார்த்துப் புதிதாகச் செய்த) பெண்டர் (மட்கார்டு) கிடைக்கும்போது பழசு எதற்கு?

கதவோர இடைவெளிக்காக. நான் பொருத்திய ரீப்ரோ ஒன்று மேலே ஒட்டி, கீழே விரல் நுழையும் அளவு விலகி நின்றது. அரிசோனா வறண்ட வெயிலில் கிடந்த ஒரிஜினல் தகடு ஒரே நாளில் உட்கார்ந்தது.

குறுக்கே ஒருவர்: பத்து வருஷமாக பெயின்ட் வேலை செய்கிறேன். ரீப்ரோ நன்றாகவே உட்காருகிறது.

தட்டிச் சரிசெய்யும் கை உங்களுக்கு இருக்கிறது. வீட்டு ஷெட்டில் தனியாக வேலை செய்பவருக்கு அந்தக் கை இல்லை. அவர் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

அவரே: ஒரிஜினல் தகட்டில் முழுக்க புட்டி பூசியிருந்தால்?

அது நியாயமான பயம். சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. உப்பு தூவும் பனி மாநிலத்து வண்டியென்றால் பெண்டரின் கீழ் ஓரத்தை உள்ளிருந்தும் தடவிப் பாருங்கள்.

64 இம்பாலா: இன்ஜின் ஒரிஜினலா என்று…

முதல் பதிலில் இருக்கிறது. எண்ணைப் படியுங்கள்.

55 போர்டு: 56 போர்டின் ஹீட்டர் மோட்டார் போடலாமா?

55-ல் 6 வோல்ட், 56-ல் 12. சுழலும், ஆனால் சோம்பலாக. அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி பழைய பாகச் சந்தைக்குப் போங்கள். 6 வோல்ட் மோட்டாராகத் தேடுங்கள்.