குமரி மாவட்டக் கல்லூரியில் புதிய படிப்பு தொடங்க அரசு நிதி கிடைக்குமா?

கேள்வி: நெல்லையில் உள்ள பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற, குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் பகுதித் தொழிலை ஒட்டி ஒரு புதிய படிப்பைத் தொடங்க விரும்புகிறோம். அரசு நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது? உண்மையில் கிடைக்குமா?

பதில்:

கிடைக்கும். எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர் என்றும், கல்லூரி முதல்வர் இந்தப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நான் இந்த மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயரும் நிதி தந்த அமைப்பின் பெயரும் இங்கே வேண்டாம். என் மாணவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நாங்கள் கேட்டது தேனீ வளர்ப்பில் ஒரு பட்டயப் படிப்பு.

தேனீ வளர்க்க எதற்குப் பட்டயம் என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பார்கள். அன்றும் கேட்டார்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய காலத்திலிருந்து இங்கே பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். மேற்கே ரப்பர் தோட்டங்கள் பரவியபோது தேனும் பெருகியது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். நம் ஊர்த் தேனில் பெரும்பங்கு அந்தத் துளிரிலிருந்து வருவது, பூவிலிருந்து அல்ல. 1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் சாக்புரூட் வைரஸ் நோய் வந்து, இந்தியத் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாக அழிந்தன. குலசேகரம், அருமனைப் பக்கம் வீட்டு முற்றத்தில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நோயின் அறிகுறிகளைக் கண்டறியவும், தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து ராணித் தேனீயை வளர்த்தெடுக்கவும், தேனின் ஈரப்பதத்தை அளக்கவும் தெரிந்த இளைஞர்கள் ஊருக்குச் சிலர் இருந்தால் போதும் என்பதே எங்கள் எண்ணம். இதற்குக் கல்லூரி வேண்டாமென்றால் வேறு எதற்குக் கல்லூரி?

விண்ணப்பத்தில் இந்த வரலாற்றைத்தான் எழுதினோம். மதிப்பீட்டுக் குழுவுக்குப் பிடித்தது. நிதியும் ஒதுக்கினார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்தபோது நிதியாண்டு முடியும் தறுவாயில் இருந்தது. விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, கொள்முதல் குழு கூடிக் கையெழுத்திட்டு, பெட்டிகளும் தேன் எடுக்கும் இயந்திரமும் வந்து சேர்ந்தபோது தேன் பருவம் போய்விட்டது. இங்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் தேன். ஜூனில் மழை பிடித்தால் தேனீக்கு நாம்தான் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி தர வந்த மூத்த தேனீ வளர்ப்பாளர் ஒருவர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "சார், இதை ஜனவரியில் தந்திருந்தால் பிள்ளைகளுக்குத் தேன் எடுத்தே காட்டியிருப்பேன்" என்றார். முதல் அணி மாணவர்கள் தேன் எடுப்பதைப் படத்தில் பார்த்துத்தான் தேர்வு எழுதினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சர்க்கரை வாங்கிய ரசீதைத் தணிக்கையில் ஏற்கவில்லை. ஆய்வகப் பொருள்களின் பட்டியலில் சர்க்கரை இல்லையாம். தேனீக்குத் தீனி என்று விளக்கி எழுதினோம். அந்த விளக்கத்துக்கு ஒப்புதல் வரும்வரை, பணத்தை உரிய வகையில் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் நின்றது. சான்றிதழ் போகாததால் இரண்டாம் தவணையும் நின்றது. தணிக்கையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் தீனி போடாமல் ஓர் உயிரை வளர்க்க முடியாது என்பதையும் கணக்கு பார்ப்பவர்கள் ஏற்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாமல் போனது ஆசிரியர் சம்பளம். அரசு உதவி பெறும் கல்லூரியில் இன்று ஒரு புதிய படிப்பு தொடங்கினால் அது பெரும்பாலும் மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவிலேயே வரும். அரசுச் சம்பளத்தோடு புதிய பணியிடம் கிடைப்பது மிக அரிது. திட்ட நிதியில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம், சில ஆண்டுகளுக்குத் தொகுப்பூதியம் தரலாம். திட்டக்காலம் முடிந்த மறுமாதம் அந்த ஆசிரியருக்கு யார் சம்பளம் தருவது? எங்கள் படிப்பை நடத்தியவர் முனைவர் பட்டம் பெற்ற பெண். ராணி வளர்ப்பில் அவரைப் போல் கைப்பக்குவம் உள்ளவரை நான் பார்த்ததில்லை. திட்டம் முடிந்ததும் நிர்வாகம் அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருவதாகச் சொன்னது. குழந்தையோடு தக்கலையிலிருந்து தினமும் வந்து போகிறவருக்கு அது எப்படிப் போதும்? அவர் போய்விட்டார். படிப்பும் அதோடு நின்றது. கருவிகள் இன்றும் பூட்டிய அறையில் இருக்கின்றன. படித்துத் தேறியவர்களில் சிலர் பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டங்களில் பெட்டி வைத்து நன்றாக வாழ்கிறார்கள். அவர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதனால்தான் படிப்பு நின்றதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதிக்கு உங்கள் கல்லூரி மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் இடம்பெற்றிருக்க வேண்டும். முன்னது அங்கீகாரம், பின்னது நிதி பெறும் தகுதி. அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். 2013இல் வந்த ரூசா என்ற ஒன்றிய அரசின் உயர்கல்வித் திட்டத்தில் நம் மாநிலத்தில் பின்னாளில் 100 ரூபாய்க்கு 60 ஒன்றிய அரசுடையதாகவும் 40 மாநில அரசுடையதாகவும் இருந்தது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்றையும் பார்த்தார்கள். 2023இல் அதன் இடத்துக்கு வந்த பிஎம் உஷா திட்டத்துக்கு 2026 வரை 12,926.10 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் அதில் சேர மாநிலம் ஒன்றிய அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையை நடைமுறைப்படுத்தும் உறுதிமொழி அதில் இருந்ததால் தமிழ்நாடு எதிர்த்தது. அந்த அரசியலில் யார் சரி என்று இங்கே வாதிட வரவில்லை. ஒரு கல்லூரி எவ்வளவு நன்றாக விண்ணப்பம் எழுதினாலும் இப்படிப்பட்ட கதவைத் தன் கையால் திறக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே உயர்கல்வித் துறை நிதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எந்தத் தொழிலுக்குப் படிப்போ, அந்தத் துறையிடம் கருவிக்குக் கேளுங்கள். தேனீக்கென்றே ஒன்றிய வேளாண் அமைச்சகத்தின் தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கம் 500 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. பயிற்சியும் பரிசோதனைக்கூடமும் அதன் நோக்கங்களில் உண்டு. மீன்பிடி சார்ந்த படிப்பென்றால் ராஜாக்கமங்கலத்தில் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையமே இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து கேட்டால் ஆய்வகத்துக்குத் தனியாகப் பணம் கேட்க வேண்டிய தேவை குறையும். பாடத்திட்டக் குழுவுக்கும் இணைப்பு விண்ணப்பத்துக்கும் தேதிகள் தனி. நிதி வந்த பிறகு அவற்றைத் தொடங்கினால் ஓர் ஆண்டு வீணாகும்.

இப்படிப்பட்ட படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் நம் ரப்பர் தேனை வாங்கிப் போய், சில வாரங்களில் உறைந்ததும் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று பழி போடுகிறார்கள். ரப்பர் தேனில் குளுக்கோஸ் மிகுதி, அதனால் விரைவில் உறையும். அது அதன் இயல்பு. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது என்று இணையத்தில் காட்டும் சோதனைகள் எதையும் நிரூபிப்பதில்லை. வெயிலிலும் தேனீக் கடியிலும் வேலை செய்தவனின் பொருளை இப்படி ஒரு வார்த்தையில் கெடுத்துவிடுகிறார்கள். எங்கள் மாணவர்களிடம் ஆய்வக அறிக்கை இருந்ததால் அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்துக்கு 91.75 சதவீத எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம், உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று நேர்காணலில் உங்களிடமும் கேட்கக்கூடும். படித்த பிள்ளைகள் வேலைக்காக வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போக வேண்டியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஊரில் இருந்தே பிழைக்க வழி காட்டும் படிப்பு இது என்று அழுத்திச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன், திட்டக்காலம் முடிந்த பின்பு ஆசிரியருக்கு எவ்வளவு சம்பளம், எந்தக் கணக்கிலிருந்து என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பட்டயப் படிப்பு வேண்டாம். இருக்கும் ஆசிரியர்களை வைத்து நடத்தக்கூடிய சான்றிதழ்ப் படிப்பாக முதலில் தொடங்குங்கள். உங்கள் படிப்பு எது என்று பின்னூட்டத்தில் எழுதினால், எங்கள் பாடத்திட்டத்தையும் செலவு அட்டவணையையும் எடுத்துத் தருகிறேன். சர்க்கரையை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்பது உட்பட அதில் இருக்கிறது.